பால் தீயும் வாசனை

“நிம்மி, பால் தீயற வாசனை வருது பாரு.”

ஹாலிலிருந்து டேவிஸ் இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லை. எழுந்துபோய்ப் பார்த்தால், அவன் மனைவி அடுப்பை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள், கண்ணெல்லாம் கையிலிருந்த போனில். பால் அடிப்பிடித்துப் பாத்திரம் கறுத்திருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ரிப்போர்ட் வந்துவிட்டது என்று கேட்காமலே புரிந்தது.

டேவிஸுக்கு ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் வேலை. கொஞ்ச மாதமாக வலது கை தன்பாட்டுக்கு நடுங்கியது. அது பார்க்கின்சன் நோய் என்றால் இனி மெஷின் பக்கமே விடமாட்டோம் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். லேத்தை விட்டால் அவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

நிம்மி நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில், அந்த நோயின் அடையாளத்தை ரத்தத்திலேயே தேடும் புது ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் பார்க்கலாம் என்று கம்பெனி டாக்டரும் கொஞ்சம் இறங்கி வந்தார். நரம்பு டாக்டர் சைத்ராவிடம் கெஞ்சிக் கூத்தாடி டேவிஸின் பெயரைச் சேர்த்தவள் நிம்மிதான். வேறு யாரையும் அவனுக்கு ஊசி குத்தவிடவில்லை. தானே ரத்தம் எடுத்து, தானே லேபுக்கும் கொண்டுபோனாள்.

“நார்மல்னுதான் வரும். நீங்க நிம்மதியா இருங்க,” என்று அன்றே அடித்துச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இத்தனை நாள் தூங்கினான்.

போன் அடித்தது. டாக்டர் சைத்ராதான். நிம்மி ஸ்பீக்கரில் போட்டாள்.

ரத்தத்தில் அடையாளம் தெரிகிறது, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, நாளைக்கே வாருங்கள் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார் டாக்டர். பிறகு, வாசனை தெரிகிறதா என்று கேட்டார். இந்த நோயில் பலருக்குக் கை நடுங்கப் பல வருஷம் முன்பே மூக்கு வேலைசெய்யாமல் போய்விடுமாம்.

தன் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை, இப்போதுகூடப் பால் தீய்ந்தது ஹால்வரைக்கும் தெரிந்தது என்றான் டேவிஸ். டாக்டர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே போனை வைத்தார்.

டேவிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ரத்தத்திலயே இருக்குன்னா, இனி ஜெபம் பண்ணி என்ன ஆகப்போகுது நிம்மி?”

அவள் அடுப்பின் பக்கம் திரும்பினாள். தீய்ந்த பாத்திரத்தை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தாள். மறுபடியும் நன்றாக இழுத்து முகர்ந்தாள். துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று டேவிஸ் பயந்துபோனான். எழுந்து, நடுங்கும் கையால் அவள் தோளைப் பிடித்தான்.

“எப்படியாவது உங்க வேலையைக் காப்பாத்தணும்னு நினைச்சேன்,” என்றாள் நிம்மி. “லேபுக்குப் போனது என் ரத்தங்க.”