மேம்பாலத்தில் கொள்ளு

மில்கள் மூடியபின் நகரத்தில் கார்கள் நின்ற இடமெல்லாம் விதைக்கிற காடாகிவிட்டது. பெரிய கடையொன்றின் வாசலில் தாரைப் பெயர்த்துத் தெய்வானை கொள்ளு விதைத்திருந்தாள். அறுத்த செடிகளை, வண்டிகள் ஏறி உடைத்துத் தரட்டும் என்று ஊர்ச்சாலையில் போட்ட பழக்கத்தில் மேம்பாலத்தில் பரப்பினாள். பரப்பி முடித்து நிமிர்ந்த பிறகுதான், பாலத்தில் இப்போது வண்டியே போவதில்லை என்பது உறைத்தது.

"இனி ஏரோப்பிளேன் எறங்குனாத்தான் உண்டுக்கா," என்றாள் கைப்பிடிச் சுவரில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பவளம்.

மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் கொள்ளு நெற்றுக்குள்ளேயே முளைத்துவிடும். மழைக்காலத்துக்கு வீட்டில் வேறு தானியம் இல்லை. தடியெடுத்து அடித்துப் பார்த்தாள். கை ஓய்ந்துபோயிற்று.

நகரத்தில் மிஞ்சியிருந்த ஒரே பேருந்து கீழே போய்க்கொண்டிருந்தது. அது நின்றது. பின்வாங்கி, பாலத்தில் ஏறி வந்தது. செடிகள்மேல் மெல்ல ஓடி, மறுமுனையில் திரும்பி மறுபடியும் வந்தது. இறங்க எழுந்த ஒருவரிடம் ஓட்டுநர் சொன்னார்: "உக்காருங்கண்ணா, கனமிருந்தாத்தான் நெத்து உடையும்." அவர் உட்கார்ந்துகொண்டார்.

தெய்வானை ஓரத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிட்டுட்டே நின்னா எப்படிக்கா? ஏறுங்க, ஆள் பத்தல," என்று நடத்துநர் கை நீட்டினார்.

ஏறினாள். காலடியில் நெற்றுகள் படபடவென்று வெடித்தன. முன்கண்ணாடியில் முதல் துளி விழுந்தபோது, இறங்கி அள்ளுவதற்காகப் பேருந்தே எழுந்து நின்றிருந்தது.