முதலாளியின் உப்பு

"பறவை எங்கம்மா?" என்றார் அதிகாரி கதிரேசன். உப்பளத்தின் நடுவே புது ரோட்டுக்கு இடம் பார்க்க வந்திருந்தார்.

ஜெமிமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஓடைக்குப் பூநாரைகள் வரும், ரோடு வேண்டாம் என்று மனுமேல் மனு கொடுத்து அவரை வரவழைத்ததே அவள்தான். பைனாகுலரில் கானல்தான் நெளிந்தது.

"போன வாரம்கூட இருந்துச்சு சார்."

"இப்ப இல்லையே. ஓடைக்கு அங்கிட்டு வெள்ளையா, நீளமா என்னது?"

உப்பளக் கணக்கப்பிள்ளை பொன்னுதுரை நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "உப்பு அம்பாரம்லா சார். எங்க முதலாளி உப்பு."

"ரோடு அது வழியாதான் போகுது. எப்ப அள்ளுவீங்க?"

"நாளைக்கே அள்ளிருவோம் சார்."

அதிகாரி காரை நோக்கித் திரும்பினார். துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது.

அம்பாரம் அசைந்தது. முதலில் ஒரு ஓரம் கிளம்பியது. பிறகு மொத்தமும் எழுந்து, சிறகு விரித்து, வெள்ளைக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்பையெல்லாம் வானத்தில் கொட்டியது. மூவர் தலைக்கும் மேலே பூநாரைகள் போய்க்கொண்டே இருந்தன. அம்பாரம் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் மினுங்கியது.



"ரோட்டை வேற பக்கமா கொண்டுபோவோம்மா," என்றார் அதிகாரி, அண்ணாந்தபடியே. பிறகு பொன்னுதுரையிடம், "உங்க முதலாளி உப்பு பறந்துருச்சே, அண்ணாச்சி?"

பொன்னுதுரை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.

"அது வேற முதலாளி உப்பு சார்," என்றார். "நாம அள்ளக் கூடாது."