காந்திமதியின் பெருக்கல் எண்

மனிதக் கையின் மதிப்பைக் கண்டறியும் மாபெரும் வைபவம், மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இனிதே தொடங்குகிறது. ஆஸ்பத்திரியில் தவறாகப் போட்ட ஊசியால் வலக்கை விரல்கள் மரத்துப்போன தையற்காரி காந்திமதிக்கு, வக்கீல் அனந்தகிருஷ்ணன் நஷ்டஈடு கணக்கிடுகிறார். “வருமானத்தை வயசுக்கான எண்ணால பெருக்கணும். நீங்க சொன்ன நாப்பத்திநாலுக்குப் பதினாலு. வயசு ஏறினா எண் குறையும். ஆதார் குடுங்கம்மா.” காந்திமதி கார்டை முந்தானைக்குள் இழுக்கிறாள். கணவன் அப்பாதுரை பிடுங்கிப் பார்க்கிறான். “இன்னாம்மே, அம்பத்திரெண்டுன்னு கீது! என்னைவிட மூணு வயசு பெரியவளா நீ?” “பொண்ணு பாக்க வந்தப்போ கேட்டியா?” கீழே ஜெராக்ஸ் எந்திரம் முனகுகிறது. அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாக டீ கிளாஸைச் சுற்றி வளைத்துவிடுகிறான். “குடி, அக்கா.” வக்கீல் பதினான்கை அழித்துப் பதினொன்றைத் தட்டுகிறார். நஷ்டஈட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.