நடிக்க வந்த வகுப்பு

கதவு படீரென்று திறந்து சுவரில் மோதியது. சின்னப் பெண் ஒருத்தி, ஒரு காலில் மட்டும் செருப்போடு, அழுதபடி வகுப்புக்குள் ஓடி வந்தாள்.

போர்டில் எழுதிக்கொண்டிருந்த டீச்சர் திடுக்கிடவில்லை. 'வந்துட்டியா ராசாத்தி, உனக்காகத்தான் காத்திருக்கேன்' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

போன மாதம் இதே அறையில்தான் அவள் ஏமாந்தாள். பல நாட்டு, பல மொழிப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் பள்ளி இது. இங்கே வேலை வேண்டுமென்றால், முதலில் மாதிரி வகுப்பு ஒன்றை நடத்திக் காட்டித் தேற வேண்டும்.

அன்று ஒரு குட்டி, "காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல மிஸ்" என்று தேம்பியது. இவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஊட்டிவிட்டு, கூடவே அழுதாள். மணி அடித்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையாக நின்று, மேடையில் செய்வதுபோலக் குனிந்து வணக்கம் சொன்னார்கள். எல்லாருமே நாடகக் குழு! இவள் ஊட்டிவிட்ட குட்டி இவளைப் பார்த்துக் கண்ணடித்தது.

"ஒரு குழந்தைக்காக மொத்த வகுப்பையும் கோட்டை விட்டுட்டீங்களே" என்று தேர்வாளர் அம்மா ஃபெயில் போட்டார்.

அதைவிட வலித்தது வேறு. இதே பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கும் சொந்த அக்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

"கூடப் பிறந்தவகிட்டகூட வாயைத் திறக்கலையேக்கா! நல்லா கழுத்தை அறுத்தே."

"சொன்னா என் வேலைக்கு உலை வைப்பாங்கடி. அதான் இப்ப உனக்கே தெரிஞ்சுபோச்சே? இனி ஒரே ஒரு சான்ஸ்தான். எவ வந்து கையைப் பிடிச்சு இழுத்தாலும் கரைஞ்சுடாதே. வகுப்பை விட்டு வெளியே போனே, தொலைஞ்சே!"

இன்று காலை, புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்த கூட்டத்தில் முண்டியடித்து மாடியேறும்போதே அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். பாவம் பார்த்தவள் பட்டது போதும்.

வகுப்பும் நன்றாகத்தான் போனது. மேசையைத் தட்டித் தாளம் போட்டவனையே பாட்டுக்குத் தலைவனாக்கினாள். 'இவ பக்கத்துல உட்கார மாட்டேன்' என்று முறுக்கிக்கொண்டவளை அவளோடே படம் ஒட்ட வைத்தாள். தன் வசனம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் சுவரிலிருந்த கேமராவை ஓரக்கண்ணால் பார்த்தது. அடுத்த அறையில் தேர்வாளர் அம்மா கவனித்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஓடி வந்தவளோ கேமரா பக்கம் திரும்பவே இல்லை. புரியாத ஏதோ மொழியில் கத்திக்கொண்டு, டீச்சரின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

'இவதான் கைகாரி!' என்று நினைத்த டீச்சர் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"உன் பாஷை எனக்குத் தெரியாதுடா கண்ணு. இந்தா, வரைஞ்சு காட்டு" என்று சாக்பீஸைக் கொடுத்தாள்.

அந்தப் பெண் அவசர அவசரமாக வரைந்தாள். ஏணி மாதிரி சில கோடுகள். அடியில் படுத்தாற்போல ஓர் உருவம்.

"பிள்ளைங்களா, இது என்ன?"

"மாடிப்படி!"

"இது யாரு?"

"அம்மா!"

"அம்மா என்ன பண்றாங்க?"

"தூங்குறாங்க!" வகுப்பே சிரித்தது.

அந்தப் பெண் தலையைத் தலையை ஆட்டினாள். உள்ளங்கையால் போர்டை அறைந்தாள். மறுபடி டீச்சரின் கையைப் பற்றினாள்.

"ரொம்ப அழகா வரைஞ்சா, எல்லாரும் கை தட்டுங்க!" என்று சொல்லி, அவளை அலுங்காமல் முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள் டீச்சர்.

மணி அடித்தது. தேர்வாளர் அம்மா முகமெல்லாம் பல்லாக வந்து கதவைத் தட்டினார்.

"சபாஷ்! அழுகையையும் பாடமாக்கிட்டீங்களே! கடைசியா வந்தாளே, அவளை நானே எதிர்பார்க்கல. நாளைக்கே வேலையில சேர்ந்துடுங்க."

டீச்சருக்கு உடனே அக்கா ஞாபகம்தான் வந்தது. அவள் முகத்தில் வேலை ஆர்டரை வீசி எறிய வேண்டும்.

பிள்ளைகள் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். முதல் பெஞ்சுக்காரி மட்டும் மேசையில் முகம் புதைத்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

"மணி அடிச்சாச்சுடி கள்ளி, போதும், எழுந்திரு!" அவள் முதுகில் செல்லமாகத் தட்டிய டீச்சர், குழுவின் தலைவியான நெட்டைப் பெண்ணிடம் திரும்பினாள். "உங்க கூட்டத்துலயே இவதான்டி பெரிய நடிகை."

நெட்டைப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

"ஐயோ, இவளை நீங்க கூட்டிட்டு வந்தீங்கன்னுல்ல நாங்க நினைச்சோம், மிஸ்!"