டெலியாவின் கேள்விகள்

“பக்கத்து மேஜையில ரெண்டு பேர் இருக்காங்க, டெலியா. ரெண்டு பேரும் பொம்பளைங்கதான். நாப்பது வயசு இருக்கும். ஒருத்தி பச்சைக் கலர் சட்டை... இல்ல, என்னை யாரும் பார்க்கல.”

தொலைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார் வில்மார். ஆட்டுக்கறித் தட்டை அவர் முன்னால் வைத்த அனிபால், எதுவும் காதில் விழாதவன் போல நகர்ந்துகொண்டான்.

கார்மெலோ என்ற சின்ன ஊரில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் அந்த ஹோட்டலில் பதினெட்டு வருடமாகப் பரிமாறுகிறவன் அனிபால். தனியாக வந்து தங்கும் ஆண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். ஒரு சாப்பாட்டுக்குள் ஐந்து தடவை மனைவிக்குப் பதில் சொல்கிறவரை இப்போதுதான் பார்க்கிறான்.

நேற்று சாயங்காலம் வந்ததிலிருந்தே இப்படித்தான். அறையைக் காட்டப் போன வரவேற்பறை மிர்தா, சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடி வந்தாள். கட்டிலில் எத்தனை தலையணை இருக்கிறது, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று அந்த அம்மா கேட்கக் கேட்க, இவர் சுற்றிச் சுற்றி நடந்து பதில் சொன்னாராம். காலையில் அறையைச் சுத்தம் செய்யப் போன ரமோனாவிடம் பேர், ஊர் எல்லாம் கேட்டு, அதையும் மனைவியிடம் ஒப்பித்தாராம்.

“தலையணையில இருக்கிற முடியக் கூட எண்ணச் சொல்லுவா போல, அண்ணே” என்றாள் மிர்தா.

அனிபாலுக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவன் மனைவி இல்டா ஒரு பெட்டியோடு பஸ் ஏறிப் போனது, அவன் கேட்ட கேள்விகளைத் தாங்க முடியாமல்தான். எங்கே போனாய், யாரோடு பேசினாய், ஏன் இவ்வளவு நேரம் என்று அவளை ஒரு நாள் கூட அவன் நிம்மதியாக விட்டதில்லை.

வில்மாரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வாய் சாப்பிடுவார், எழுந்து ஜன்னல் பக்கம் போவார், வாசல் வரை நடந்து ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கறி ஆறிக்கொண்டிருந்தது. சூடாக்கித் தரவா என்று கேட்ட அனிபால், மனசு கேட்காமல் இன்னொன்றும் சொன்னான்.

“ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்களேன், ஐயா. வீட்டம்மாவுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.”

“போட்டோ வேணாம்கறா. நான் வாயால சொல்லணுமாம்.”

அனிபாலுக்குப் புரிந்தது. படத்தில் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. குரலில் பிடித்துவிடலாம். அவனும் இல்டாவின் குரலைத்தான் அப்படி உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காபி கொண்டு போனபோது வில்மார் வெளித் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். முதுகைக் காட்டி நின்றதால் அனிபால் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

“இதோட போதும், டெலியா. இந்தப் பொய்யை என்னால சுமக்க முடியல. ஒன்பது வருஷமாச்சு. நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடு. இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நான் எங்கயும் கிளம்ப மாட்டேன்.”

தொலைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குற்றம் அந்த அம்மாள் பக்கம்தானா என்று அனிபாலுக்குத் திகைப்பாக இருந்தது. தப்பை அவள் செய்துவிட்டு, கேள்வியையும் அவளே கேட்கிறாளே. காபியை வைத்துவிட்டுப் போக அவனுக்குக் கால் வரவில்லை. விருந்தாளியிடம் சொல்லக் கூடாத தன் கதையைச் சொன்னான். இல்டா போனது, அதன் பிறகு இரண்டு வருடம் அவன் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தது, எல்லாம்.

“கேள்வி கேட்டே ஒருத்தியத் தொலைச்சவன் நான், ஐயா. உங்க வீட்டம்மாகிட்ட நான் வேணா பேசட்டுமா?”

வில்மார் காபிக் கோப்பையைக் கையில் எடுத்தார். முகத்தில் கோபம் இல்லை.

“அவ கேக்கறத நிறுத்திட்டான்னா நான் என்ன பண்ணுவேன், அனிபால்?”

கால் மணி நேரம் ஆற்றங்கரையில் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு அவரே தொலைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அனிபால், இந்த மனிதருக்கு விடிவே இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது கையைப் பிடித்துக் குலுக்கியதில் கூட அவனுக்கு வருத்தம்தான் மிஞ்சியது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, மிர்தா செய்தித்தாளோடு சமையலறைக்குள் வந்தாள். வாரம் ஒரு ஹோட்டலைப் பற்றி, பேர் போடாமல் ஒரு பெண் எழுதும் பக்கத்தை நாடே படிக்கும். இந்த வாரம் அவர்கள் ஹோட்டல். காலையில் ஆற்றின் நிறம் மாறுவதையும், கறி வெந்த விதத்தையும், துணி மடிக்கும்போது ரமோனா முணுமுணுக்கிற பாட்டையும் பக்கத்தில் நின்று பார்த்தது போல எழுதியிருந்தாள். எந்த மேஜையில் உட்கார்ந்திருந்தாள் என்று சமையல்காரர் கேட்டார். போன வாரம் தனியாக எந்தப் பெண்ணும் வந்து தங்கவே இல்லை என்று மிர்தா சத்தியம் செய்தாள்.

அனிபால் தாளை வாங்கிக் கடைசிப் பத்தியைப் படித்தான்.

“உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் மாடிப்படியிலிருந்து விழுந்தேன். அன்றிலிருந்து இந்தக் கட்டிலைவிட்டு நான் இறங்கியதே இல்லை. நீங்கள் படித்த ஹோட்டல்கள் எல்லாம், நான் கேட்கக் கேட்க என் கணவர் வில்மார் தொலைபேசியில் சொன்னவை. இப்படிக்கு, டெலியா.”