சூட்டில் மறைந்த எழுத்து

ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பு திறந்திருக்கிறது. வெளியேறும் வெப்பத்தில் சன்னல் ஒளி நெளிகிறது. இடம் கிடைத்த வாக்கில் அடுக்கிய சிமிழ்களுக்குள், மழை ஓய்ந்த மறுநாள் மலைச்சரிவெங்கும் தோண்டியெடுத்த மண் காய்ந்திருக்கிறது. எது மேட்டு மண், எது பள்ளத்து மண் என்று சொல்ல வேண்டிய மூடிகளில் ஒட்டிய தாள்கள் அனைத்தும் வெறுமையாக இருக்கின்றன. அடுத்த பெருமழைக்கு ஓராண்டு ஆகும். ஆய்வேட்டை முடிக்க அவ்வளவு காலம் மாணவிக்கு இல்லை. கையுறையைக் கழற்றாமலே நிற்கிறாள்.

“எந்தப் பேனாக்கா?” என்கிறான் உடன் ஆய்வு செய்யும் இளையவன். “நீலம். தப்பா எழுதினா தேய்ச்சு அழிச்சுக்கலாம்னு வாங்கினேன்.” “தேய்க்கிற சூட்டுக்கே மறையற மை அதுக்கா. அதைக் கொண்டுபோய் அடுப்புல வெச்சிருக்கீங்க.” அவன் ஒரு மூடியை எடுத்து எதிரிலுள்ள உறைபெட்டியில் வைக்கிறான். “குளிர்ல திரும்பி வருமாம்.” “யாருடா சொன்னா?” “பேனா அட்டையிலயே போட்டிருக்கு. நாமதான் ஆராய்ச்சிக் கட்டுரை தவிர எதையும் படிக்கறதில்லையே.” அவள் சிரிக்கவில்லை. உறைபெட்டி உறுமுகிறது. இருவரும் அதன் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பின்னர் அவளே மூடியை வெளியே எடுக்கிறாள். தாளின் மீது வெண்பனி படர்ந்திருக்கிறது. கட்டைவிரலால் மெல்லத் துடைக்கிறாள். வெளிறிய நீலத்தில் ஓர் இரட்டைக்கொம்பு தெரிகிறது. அதையடுத்து மகரம், பின்னர் டுகரம். மேடு. இளையவன் கைதட்டத் தொடங்குகிறான். “கை தட்டினது போதும்,” என்கிறாள் அவள். “போய் ஒரு ஆணி கொண்டா. மூடியிலயே கீறி வெச்சிடலாம்.”