மூன்றாம் இதழின் கடைசித் தாள்

அறையில் மூன்று பேர்.

பீரோவை ஒட்டிய நாற்காலியில் குற்றாலிங்கம். சமையலறை வாசற்படியில், முறத்தில் அரிசியோடு அவர் மனைவி பிச்சம்மாள். ஜன்னலோரத்து பெஞ்சில் அவள்.

நடுவே முக்காலி. அதன் மேல் வெள்ளைத் துண்டு. துண்டின் மேல் சிவப்பு ரெக்சின் அட்டை போட்ட புத்தகம். நீலச்சுடர் காமிக்ஸ், முதல் பன்னிரண்டு இதழ்கள், ஒரே கட்டாக.

குற்றாலிங்கம் கை கழுவிவிட்டு வந்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"பெத்த பிள்ளையளக்கூட இவுக இப்பிடித் தொட்டுத் தூக்குனதில்ல" என்றாள் பிச்சம்மாள்.

"நீ அரிசியப் பாரு. கல்லு கெடந்தா எனக்குத்தான பல்லு போவும்."

சிரிக்க வேண்டிய இடம். அவள் சிரித்தாள்.

அவர் தாளின் மேல்முனையைப் பிடித்துத் திருப்பினார். முதல் இதழ். இரண்டாம் இதழ்.

அவளுக்கு வேண்டியது மூன்றாம் இதழ். அதிலும் கதை வேண்டாம். வாசகர் பக்கம் போதும். அதில் தபால்தலை அளவில் ஒரு படம். படத்தின் கீழே பெயர், வகுப்பு, ஊர்.

சேர்மராஜ். அவள் மகன்.

அவனுக்கென்று எடுத்த ஒரே போட்டோ அது. பள்ளிக்கூடத்தில் எடுத்தது. அதைத்தான் பத்திரிகைக்கு அனுப்பினான். அச்சில் வந்ததும் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினான்.

அந்த ஐப்பசியில் புயல். கடல் வீட்டுக்குள் வந்தது. அவனையும் கொண்டுபோனது, அந்த இதழையும்.

அவள் கணவர் அப்போது பம்பாயில் வேலையில் இருந்தார். இப்போதும் அங்கேதான், மகள் வீட்டில், படுத்த படுக்கையாக. லீவில் வந்தபோது மட்டும் பார்த்த பிள்ளை.

ஒரு காலையில் சொன்னார்.

"பயலுக்கு மொகம் எப்பிடியிருக்கும், பிள்ள? நெனப்புக்கு வரமாட்டேங்கு."

அவள் அந்த இதழைத் தேடிக் கிளம்பியபோது, படம் கிடைத்ததும் தபாலில் போட்டுவிடு என்றும் சொன்னார். அவள் ரயிலேறித் திரும்பும்வரை தான் இருப்போம் என்று அவருக்கு நம்பிக்கையில்லை.

மூன்றாம் இதழ்.

அட்டையின் நீலம் மங்கவே இல்லை. உள்ளே ஒரு பக்கம் முழுக்க அலை. அதை இரண்டு கையாலும் தடுத்து நிற்கிறான் நீலச்சுடர். அவனுக்குப் பின்னால் குடிசைகள்.

"இந்த ஒரு படத்துக்காவ எத்தன பேரு அலையுதான் தெரியுமா?"

அவள் அதைப் பார்க்கவில்லை. கடைசித் தாளுக்காகக் காத்திருந்தாள்.

கதையின் கடைசிப் படத்தில் நீலச்சுடர் வானத்தில் ஒரு புள்ளியானான்.

அவர் திருப்பினார்.

நான்காம் இதழின் அட்டை.

"வாசகர் பக்கம்?"

"அதெல்லாம் களஞ்சிருவேம்மா." அவர் முகத்தில் பெருமை. "கடிதாசி, பல்பொடி வெளம்பரம், ஒரு குப்பையும் இருக்காது. கத மட்டுந்தான். பைண்டிங்னா அப்பிடில்லா இருக்கணும்."

"களஞ்ச தாளு?"

"வெந்நி அடுப்புக்கு" என்றாள் பிச்சம்மாள். "நல்லாப் பிடிக்கும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேற யாருட்டயும் இருக்குமா?"

"மூணாம் இதழா? இன்னும் ரெண்டு பேருட்ட இருக்கு. போயிப் பாருங்க, அம்சமா இருக்கும். அதுவும் நாந்தான் பைண்டு பண்ணிக் குடுத்தேன்."

எதற்காகக் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. தன் நீலச்சுடரைத் தேடி ஒரு பெண்பிள்ளை பம்பாயிலிருந்து வந்திருக்கிறாள். அவருக்கு அது போதும்.

"மிச்சத்தயும் பாக்கியளா?"

சரியென்று தலையசைத்தாள். அவர் நான்காம் இதழைப் புரட்டினார்.

ஐந்தாம் இதழில் அவர் கை தயங்கியது.

வாசகர் பக்கம்.

"இது ஒண்ணு தப்பிச்சிட்டு" என்றார், வீட்டில் ஒட்டடை கண்டவர்போல. "பின்பக்கம் கத முடியுது. எடுக்க வழியில்ல."

தபால்தலை அளவில் ஒரு பையன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. கண்கள் இருக்கும் இடத்தில் மை இழுவியிருந்தது. ஊர், உடுமலைப்பேட்டை.

சேர்மராஜுக்கு இப்படி இருக்காது மூக்கு.

இருக்காது என்றுதான் நினைத்தாள்.

மகனின் காதைத் தனியாக நினைத்துப் பார்த்தாள். வந்தது. நெற்றியை நினைத்தாள். வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள்.

உடுமலைப்பேட்டைப் பையன்தான் வந்தான்.

"இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிடலாமா?"

"அந்த அலைப் படம்தான?"

"இல்ல. இந்தப் பக்கம்."

குற்றாலிங்கம் மனைவியைப் பார்த்தார். பிச்சம்மாள் அரிசியைப் பார்த்தாள்.

புத்தகத்தை அவரேதான் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். ஜெராக்ஸ் கடைக்காரரை விரித்து அமுக்க விடவில்லை.

"ஒண்ணு போதுமா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு."

அங்கேயே கத்தரிக்கோல் வாங்கினாள். ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மற்றதில் படத்தை மட்டும் வெட்டினாள். பையனின் சட்டைக்குக் கீழே, பெயர் தொடங்குமிடத்தில் கத்தரியைத் திருப்பினாள்.

தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள்.

'மூன்றாம் இதழ் கிடைத்துவிட்டது. இத்துடன் பிள்ளையின் படம் வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

படத்தைக் கடிதத்துக்குள் வைத்து மடித்தாள். உறையில் போட்டாள். பசை தடவி, விளிம்பை நகத்தால் இழுத்துத் தேய்த்தாள். ஒருமுறை திறக்கப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்தது.

கவுண்டரில் நீட்டினாள்.

முத்திரை விழுந்தது. உறை சாக்குக்குள் போனது.